பச்சை எழுத்தும் ஈரத் தானியமும்

(வானூர் வட்டத்துப் பள்ளிவாசல் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)



  

நாம் பலமுறை கேட்ட நிகழ்ச்சி ஒன்றை இன்று மீண்டும் நினைவுகூர்வோம். மதீனாவின் கடைத்தெருவில் ஒருவர் தானியத்தைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த இறைத்தூதர் (ஸல்) அவர்கள் அந்தக் குவியலுக்குள் தம் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மேலே உலர்ந்த தானியம். உள்ளே நனைந்த தானியம். இது என்னவென்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. அந்த வியாபாரி வாயால் பொய் எதுவும் சொல்லவில்லை. உலர்ந்ததை மேலே வைத்தார், அவ்வளவுதான். மேலே இருந்த தானியம் அவர் சொல்லாத பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாவது, நபியவர்கள் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் செல்லவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள்.

விற்பவர் ஈரத்தை மறைக்கக் கூடாது. வாங்குபவர் கையை உள்ளே விடத் தயங்கக் கூடாது. இந்த இரண்டு கடமைகளையும் இன்றைய கடைத்தெருவில் பச்சை எழுத்துகளோடும் இலைப் படங்களோடும் வந்து நிற்கும் பொருள்கள்மீது வைத்துப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

நம் பள்ளிவாசலில் நடந்தது

பிறரைப் பற்றிப் பேசுமுன் நம்மைப் பற்றிப் பேசுவதே முறை. அதிலும் முதலில் என்னைப் பற்றி.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வரும் என்று தமிழக அரசு 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிவித்தது. 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ரமலானுக்கு முன் நம் நிர்வாகிகள் கூடிப் பேசினார்கள். அதுவரை நோன்புக் கஞ்சியைப் பிளாஸ்டிக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்து வந்தோம். இனி அது கூடாது என்று முடிவாயிற்று. பதிலாகக் காகிதக் கோப்பைகள் வந்தன. கோப்பையின் வெளிப்புறத்தில் ஒரு பச்சை இலை. அதன் கீழே, இது இயற்கைக்கு நண்பன் என்று பொருள்படும் வாசகம். பக்ரீத் வந்தபோது குர்பானி இறைச்சியை வீடுவீடாகக் கொடுப்பதற்குப் புதிய பைகள் வந்தன. தொட்டால் துணி போல மென்மை. அவற்றிலும் அதே பச்சை இலை. கடைக்காரர் அதைத் துணிப்பை என்றார். நானும் துணிப்பை என்றேன்.

சாதாரணமாகச் சொல்லவில்லை, இந்த மிம்பரில் நின்று சொன்னேன். நம் ஜமாஅத் முன்மாதிரியாகிவிட்டது என்று பாராட்டினேன். உங்கள் வீட்டு விசேஷங்களுக்கும் இவற்றையே வாங்குங்கள் என்று பரிந்துரை செய்தேன். பலர் வாங்கினார்கள்.

பயன்படுத்திய கோப்பைகளையும் கிழிந்த பைகளையும் பள்ளிவாசலின் பின்புறம் தென்னைக்காக வெட்டியிருந்த ஒரு குழியில் போட்டு மண் தள்ளினோம். மக்கி உரமாகிவிடும் என்பது நம் நம்பிக்கை. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கன்று நடுவதற்காக அக்குழியைத் தோண்டியபோது கூப்பிட்டுக் காட்டினார்கள். கோப்பைகளின் காகிதம் போயிருந்தது. ஆனால் ஒவ்வொரு கோப்பையின் உள்தோலும் வெங்காயச் சருகு போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தது. பையை எடுத்து உதறினார்கள். மண் உதிர்ந்தது, பை கிழிந்த அளவோடு அப்படியே இருந்தது. பச்சை இலையைக்கூட அடையாளம் காண முடிந்தது.

அதே வகைப் பை ஒன்று மதரஸா வராந்தாவில் வெயில்படும் ஆணியில் மாட்டியிருந்தது. அதைத் தொட்டதும் அது கைக்குள் உதிர்ந்து தூளாயிற்று. "வெயிலில் மக்கிவிட்டது போலும்" என்றேன். அருகில் நின்ற தையல்காரப் பெரியவர் சிரித்தார். ஐம்பது ஆண்டுகள் துணியோடு வாழ்ந்தவர் அவர்.

"ஹஜ்ரத், இதை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. பாவு இருக்கா, ஊடை இருக்கா? ஓரத்துல ஒரு நூலை இழுங்க, வருதான்னு பாப்போம். நூலே இல்லாதது எப்படித் துணியாகும்? இது மக்கல ஹஜ்ரத், நொறுங்கியிருக்கு."

மக்குவது வேறு, நொறுங்குவது வேறு. மக்கியது மண்ணாகிவிடும். நொறுங்கியது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது; ஆனால் எங்கும் போய்விடுவதில்லை. பல கிதாபுகளை ஓதிய நான் இந்த வேறுபாட்டை ஒரு தையல்காரரிடம் அன்றுதான் கற்றேன்.

பிறகு அரசின் தடைப் பட்டியலைத் தேடிப் படித்தேன். 14 வகைப் பொருள்கள் அதில் இருந்தன. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பை அதில் ஒன்று. நெய்யப்படாத பை அதில் இன்னொன்று. எதை விட்டுவிட்டோம் என்று பெருமைப்பட்டோமோ, அதையேதான் வேறு உடையில் வாங்கியிருந்தோம். நான் பட்டியலைப் படிக்கவில்லை; கோப்பையின்மேல் இருந்த விளம்பரத்தைப் படித்திருந்தேன்.

குவியலுக்குள் என்ன இருக்கிறது?

அந்தக் கோப்பையும் பையும் எப்படிச் செய்யப்படுகின்றன என்பதைச் சற்று விளக்கமாகத் தெரிந்துகொள்வோம்.

காகிதத்தில் சூடான தேநீரை ஊற்றினால் அது ஊறிக் கிழிந்துவிடும். கிழியாமல் இருப்பதற்காக உட்புறத்தில் மெல்லிய பாலித்தீன் பூச்சு கொடுக்கிறார்கள். காகிதமும் பாலித்தீனும் ஒட்டிப்போனபின் அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம். ஆகவே அது காகிதக் குப்பையிலும் எளிதில் சேராது, பிளாஸ்டிக் குப்பையிலும் எளிதில் சேராது. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 85 முதல் 90 டிகிரி வரை சூடுள்ள 100 மில்லி நீரை இத்தகைய கோப்பையில் 15 நிமிடம் வைத்திருந்தால், ஏறத்தாழ 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் நீரில் கலக்கின்றன என்பது அவர்கள் கண்ட உண்மை. கஞ்சியை ஊற்றிவிட்டு பாங்கு சொல்லும் வரை காத்திருக்கிறோமே, அந்த நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

நெய்யப்படாத பையோ முழுக்க முழுக்கப் பாலிப்ரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதை உருக்கி, மெல்லிய இழைகளாக இழுத்து, விரிப்புப் போலப் பரப்பி, சூட்டினால் புள்ளி புள்ளியாக ஒட்டவைக்கிறார்கள். பையை உற்றுப் பாருங்கள். அந்தப் புள்ளிகள் தெரியும். தறியைக் காணாத அப்பொருளைத் துணி என்று அழைப்பது, நனைந்த குவியலின்மேல் உலர்ந்த தானியத்தைத் தூவுவதற்குச் சமம்.

இத்தடையை எதிர்த்து வழக்குகளும் நடந்தன. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் காகிதக் கோப்பை மீதான தமிழகத்தின் தடையை உறுதி செய்தது. நெய்யப்படாத பைகளைப் பொறுத்தமட்டில், மத்திய விதிகளில் பின்னர் வந்த திருத்தங்களைக் கருத்தில் கொண்டு மறுபரிசீலனை செய்யுமாறு கூறியது. சட்டம் எதை அனுமதிக்கும், எதைத் தடுக்கும் என்பது காலத்துக்குக் காலம் மாறலாம். ஒரு பொருளை அது அல்லாத பெயரால் விற்கக் கூடாது என்பது நமக்கு எக்காலத்திலும் மாறாத சட்டம்.

பெயர் என்பது சாட்சியம்

சகோதரர்களே! ஒரு பொருளின்மீது அச்சிடப்படும் வாசகம் வெறும் அலங்காரம் அன்று. அது ஒரு சாட்சியம். இது மண்ணுக்குக் கேடு செய்யாது என்று விற்பவர் சாட்சி சொல்கிறார். நாம் அதை நம்பிக் காசு கொடுக்கிறோம். பல நேரங்களில் இரண்டு ரூபாய் அதிகமாகவே கொடுக்கிறோம். நாம் வாங்குவது கோப்பையை மட்டுமன்று. மனநிறைவையும் சேர்த்து வாங்குகிறோம். பொருளிலே பொய் இருந்தால் அந்த மனநிறைவும் பொய்யானது.

செய்யாத செயலுக்காகப் புகழப்பட விரும்புவோரைப் பற்றித் திருக்குர்ஆன் 3ஆம் அத்தியாயம் 188ஆம் வசனத்தில் கடுமையாக எச்சரிக்கிறது. மண்ணுக்கு எந்த நன்மையும் செய்யாமல் மண்ணின் தோழன் என்று தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளும் ஒவ்வொரு விளம்பரமும் இவ்வசனத்தின் முன் நிறுத்திப் பார்க்கத்தக்கது.

இப்போக்குக்குப் பசுமைப் பூச்சு என்று இன்று பெயர் வழங்குகிறது. ஆங்கிலத்தில் இதற்கான சொல்லை 1986இல் உருவாக்கியவர் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர். விடுதி ஒன்றில் அவர் ஒரு வாசகத்தைக் கண்டார். கடலைக் காப்பதற்காகத் துண்டுகளைத் துவைக்கப் போடாமல் மீண்டும் பயன்படுத்துங்கள் என்று விருந்தினர்களை அது கேட்டுக்கொண்டது. அதே வேளையில் அவ்விடுதி கடற்கரையில் தன்னை விரிவாக்கிக்கொண்டிருந்தது. துண்டில் சிக்கனம், கட்டடத்தில் தாராளம். சிறிய நன்மையைக் காட்டிப் பெரிய கேட்டை மறைப்பதற்கு அவர் வைத்த பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது.

தராசையே ஏமாற்றியவர்கள்

அளவையில் மோசடி செய்பவர்களைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் தொடங்குகிறது. 83ஆவது அத்தியாயமாகிய அல்முதஃப்பிஃபீன். அக்காலத்தில் மோசடி படியிலும் தராசிலும் நடந்தது. இக்காலத்தில் எங்கே நடக்கிறது என்பதற்கு உலகமறிந்த ஒரு சான்றைச் சொல்கிறேன்.

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் கார்களைத் தூய்மையான டீசல் என்று விளம்பரம் செய்து விற்றது. 2015 செப்டம்பரில் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உண்மையை வெளியிட்டது. புகையைச் சோதிக்கும் நேரம் இதுவென்று கண்டுகொள்ளும் மென்பொருள் அந்தக் கார்களில் பொருத்தப்பட்டிருந்தது. சோதனையின்போது புகை குறைவாக வரும். சாலைக்கு வந்ததும் அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடு வெளியேறும். உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது.

எடை போடுபவர் பார்க்கும்போது ஒரு கல், பார்க்காதபோது ஒரு கல். பழைய குற்றம்தான், கருவி மட்டும் புதியது. அதிகாரி பார்க்காத சாலையிலும் பார்ப்பவன் ஒருவன் உண்டு என்ற அச்சத்தையே தக்வா என்கிறோம்.

'மக்கும்' என்ற சொல்

இன்று நம் ஊர்க் கடைகளில் 'மக்கும் பை' என்று எழுதிய பைகள் தொங்குகின்றன. அவை எல்லாம் பொய் என்று நான் கூற மாட்டேன். அறியாததைக் கூறுவதும் குற்றமே. சோளம் முதலிய மாவுப் பொருள்களின் கலப்பில் செய்யப்பட்டு, உண்மையிலேயே உரமாகக்கூடிய பைகள் உண்டு. அப்படிப்பட்ட பைகளைத் தயாரித்து விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும் என்பது சட்டம். சான்று பெற்ற பையைத் தயாரித்தவரின் பெயரும் சான்றிதழ் எண்ணும் வாங்குபவர் அறியும்படி தரப்பட்டிருக்க வேண்டும். வெறும் இலைப் படம் சான்றிதழ் ஆகாது.

சான்றுள்ள பையிலும் நாம் அறிய வேண்டிய ஒன்று உண்டு. உரமாகும் தன்மையைச் சோதிக்கும்போது ஏறத்தாழ 58 டிகிரி வெப்பத்தில், போதிய ஈரமும் காற்றும் கொடுத்து, ஆறு மாத காலத்துக்குள் அது சிதைகிறதா என்று பார்க்கிறார்கள். அந்த வெப்பம் பெரிய உரக்கிடங்குகளில் இருக்கும். நம் வீட்டுக் கொல்லைக் குழியில் அது நீடிப்பதில்லை. குளத்திலும் கடலிலும் இல்லவே இல்லை. ஆகவே 'மக்கும்' என்ற சொல்லைப் படித்ததும் 'எங்கே மக்கும், எத்தனை நாளில் மக்கும்' என்று கேட்பது நம் கடமை. அந்த நிபந்தனையை மறைத்துச் சொல்லப்படும் உண்மை பாதி உண்மை. பாதி உண்மை வாங்குபவரை முழுமையாக ஏமாற்றிவிடும்.

நம் நாட்டின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 'பசுமையானது', 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்பவை போன்ற பொதுப்படையான சொற்களை ஆதாரமும் விளக்கமும் இன்றி விளம்பரங்களில் பயன்படுத்தக் கூடாது என்று அது கூறுகிறது. ஏமாற்றப்பட்டதாக உணர்பவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். முறையிடுவது சண்டை அன்று. அடுத்து வாங்கப்போகும் சகோதரனுக்குச் செய்யும் நன்மை.

துணிப்பை வாங்கிவிட்டால் போதுமா?

இதுவரை கேட்டவர்கள், அப்படியானால் உண்மையான பருத்தித் துணிப்பையை வாங்கிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணக்கூடும். அங்கும் கையை உள்ளே விட்டுப் பார்ப்போம்.

தமிழக அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல முயற்சி, வரவேற்கிறோம். ஆனால் அந்த இயக்கத்தின் பெயரில் 'மீண்டும்' என்ற சொல்லுக்கும் இடம் இருப்பதை மறந்துவிடக் கூடாது.

பருத்தி விளைய நீர் வேண்டும், உரம் வேண்டும், பூச்சிமருந்து வேண்டும். நூற்கவும் நெய்யவும் சாயமிடவும் எரிபொருள் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஒரு கணக்கீட்டின்படி, புவி வெப்பமாதல் என்ற ஒரு கேட்டை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை மேலானதாவதற்கு அதை 131 முறை பயன்படுத்த வேண்டும். வாரம் ஒருமுறை சந்தைக்கு எடுத்துச் சென்றால் இரண்டரை ஆண்டுகள். அதே கணக்கில், நான் இதுவரை குறை கூறிய நெய்யப்படாத பையை 11 முறை பயன்படுத்தினால் போதும்.

மெல்லிய பைகள் காற்றில் பறந்து நீர்நிலையை அடைக்கும் கேடும், மாட்டின் வயிற்றில் சேரும் கேடும் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. ஆகவே பிளாஸ்டிக்குக்கே திரும்பலாம் என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். அக்கணக்கு உணர்த்துவது இதுதான்: பசுமை என்பது பையின் நூலில் மட்டும் இல்லை; அதைப் பிடித்திருக்கும் கையிலும் இருக்கிறது.

நம் வீட்டு அலமாரிகளைத் திறந்து பாருங்கள். திருமண வீடுகளில் கொடுத்த துணிப்பைகள் எத்தனை? வலிமா விருந்துக்குச் சென்று வரும்போதெல்லாம் ஒரு பை. மணமக்கள் பெயரும் தேதியும் அச்சிட்டிருப்பதால் வெளியே எடுத்துச் செல்லத் தயங்குகிறோம். இருபது பைகள் இருந்தும் கடைக்கு வெறுங்கையோடு போகிறோம். இது பிளாஸ்டிக் இல்லாத வீண்விரயம்; ஆயினும் வீண்விரயமே.

நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள், தம் ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டுக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஒரு பொருளைப் பழுதுபார்த்து, அது முற்றிலும் தேயும் வரை பயன்படுத்துவது வறுமையின் அடையாளம் என்று நாம் நினைக்கத் தொடங்கிவிட்டோம். அது சுன்னத்தான வழி. எந்தப் பச்சை எழுத்தும் தேவைப்படாத பசுமை அது.

கழுவேலி முதல் நம் உப்புப் பாத்திரம் வரை

இவையெல்லாம் எங்கோ நடக்கும் செய்திகள் என்று கருத வேண்டாம். நம் வானூர் வட்டத்திலும் மரக்காணம் வட்டத்திலுமாகப் பரந்து கிடக்கிறது கழுவேலி. மழைக்காலத்தில் சுற்றுவட்டாரத்து ஏரிகளின் உபரி நீர் அங்கே சேர்கிறது. அங்கிருந்து உப்பங்கழி வழியாக எடையன்திட்டுக் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. சுமார் 5,150 ஹெக்டேர் பரப்புள்ள அந்நீர்நிலை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. கண்டம் கடந்து வரும் பறவைகள் இளைப்பாறும் இடம் நம் வாசலில் இருக்கிறது.

நாம் தெருவோரம் எறியும் கோப்பையும் பையும் மழைநீரோடு ஓடையில் இறங்கினால் போய்ச் சேருவது அங்கேதான். அந்த நீர்வழியை ஒட்டியே மரக்காணத்தின் உப்பளங்கள் இருக்கின்றன. சூரியன் சுடும் பாத்திகளில் காலை முதல் நின்று உப்பை வாரிக் குவிக்கிறார்கள் அத்தொழிலாளர்கள். அவர்கள் பாத்திக்குள் விடும் நீரில் நாம் எதைக் கலந்து அனுப்புகிறோம் என்பதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நம் நாட்டுச் சந்தையில் விற்கப்படும் கடலுப்பு வகைகளைச் சோதித்தபோது அவற்றில் பிளாஸ்டிக் நுண்துகள்கள் இருந்தன. அது குறிப்பிட்ட ஓர் ஊரின் உப்பைப் பற்றிய ஆய்வு அன்று. உப்பளத் தொழிலாளர்மீது பழியும் அன்று. உப்பு காய்ச்சும் முன் கடல்நீரை எளிய மணல் வடிகட்டியின் வழியே செலுத்தினால் அத்துகள்களில் பெரும்பகுதியை நீக்கலாம் என்றும் அவர்கள் கூறினார்கள். கடலிலே அத்துகள்கள் சேர்ந்தது எப்படி என்ற கேள்விக்கு விடை நம்மிடம் இருக்கிறது. மதரஸா ஆணியில் நொறுங்கிய பையின் தூள் எங்கும் போய்விடவில்லை என்றேனே. அது போகும் வழி இதுதான். நாம் வீசியது நம் உப்புப் பாத்திரத்துக்கே திரும்பி வருகிறது.

பூமியை நமக்கு இறைவன் அமானத்தாகத் தந்திருக்கிறான். அமானத்தாகப் பெற்றதைக் கெடுத்துவிட்டு, அதன்மேல் ஒரு பச்சை இலையை ஒட்டித் திருப்பிக் கொடுக்க முடியாது.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

நம் ஜமாஅத்தில் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர், தையல்காரப் பெரியவர் சொன்ன செய்தி பரவியபின் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், நீங்க பயான்ல சொன்னீங்கன்னுதான் கட்டுக்கட்டா வாங்கி வச்சேன். இன்னும் பாதிக்குமேல கிடக்கு. நான் என்ன செய்யறது?" என்று கேட்டார்.

அவருடைய கேள்வி என்னை உறங்கவிடவில்லை. நான் அறியாமல் கொடுத்த சாட்சியத்துக்கு அவர் தம் முதலைச் செலவிட்டிருக்கிறார். சட்டம் தடுத்திருக்கும் பொருளை விற்காதீர்கள். வீட்டுக்கும் கடைக்கும் உள்ளேயே கிழியும் வரை திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். இழப்பில் என் பங்கை நான் தருகிறேன் என்றேன். அவர் பணத்தை வாங்க மறுத்துவிட்டார். "துணிப்பைன்னு சொல்லி இனி யாருக்கும் கொடுக்க மாட்டேன், அது போதும்" என்றார். அல்லாஹ் அவருடைய வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறையை மறைக்காமல் எடுத்துச் சொன்னால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்பது நபிமொழியின் கருத்து. ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களின் அறிவிப்பாக ஸஹீஹ் புகாரியில் இது இடம்பெற்றுள்ளது. கடைக்காரச் சகோதரர்களே! பொருளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஈரம் இருந்தால் ஈரத்தை மேலே வையுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

தாய்மார்களே, சகோதரர்களே! பச்சை எழுத்தோடு ஒரு பொருள் உங்கள் கைக்கு வரும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது எதனால் செய்யப்பட்டது? இதை நல்லது என்று சொல்பவர் யார். விற்பவரா, சான்று வழங்கும் அமைப்பா? பயன்படுத்தியபின் இது எங்கே போகும்? இவற்றுக்கெல்லாம் முன்பாக: இது எனக்குத் தேவைதானா, வீட்டில் இருப்பதைக் கொண்டே சமாளிக்க முடியாதா? முதல் மூன்று கேள்விகளும் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை. நான்காவது நம் உள்ளத்திடம் கேட்க வேண்டியது.

நம் ஜமாஅத் நிர்வாகிகள் கலந்து பேசி எடுத்துள்ள முடிவையும் அறிவிக்கிறேன். வரும் ரமலானில் கஞ்சி எவர்சில்வர் கிண்ணங்களில் மட்டுமே ஊற்றப்படும். பழைய கிண்ணங்கள் பள்ளிவாசல் பரணில் இருக்கின்றன. குறைவதை வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள். வீட்டுக்குக் கஞ்சி வாங்க வரும் பிள்ளைகள் தூக்குவாளி கொண்டு வரட்டும். குர்பானி இறைச்சிக்கு அவரவர் பாத்திரம்.

கழுவுவது யார் என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி, தூக்கியெறியும் கோப்பை வந்ததே அந்த வேலையிலிருந்து தப்பிக்கத்தான். இளைஞர்கள் முறைவைத்துச் செய்வதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் முறை என்னுடையது. கழுவுவதற்கு நீர் செலவாகுமே என்றும் ஒருவர் கேட்டார். அதுவும் சரியே. இரு கைகள் கொள்ளும் அளவான ஒரு முத்து நீரில் உளூச் செய்த நபியின் உம்மத் நாம். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாமல், தொட்டியில் அளவாக நீர் பிடித்துக் கழுவுவோம். அந்த நீரைத் தென்னைக்கு விடுவோம்.

அன்பானவர்களே! இறுதியாக ஒன்று. 2019இல் இதே மிம்பரில் நின்று, அந்தக் கோப்பையும் பையும் நல்லவை என்று உங்களிடம் சாட்சி சொன்னேன். விசாரிக்காமல் சொன்னேன். அந்தச் சாட்சியத்தை இதே மிம்பரில் நின்று இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் சொல்லை நம்பி வாங்கியவர்கள் என்னை மன்னித்துவிடுங்கள். தனியாக வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் மேலே வைத்துச் சொன்னதன் ஈரத்தையும் மேலே வைத்துத்தான் காட்ட வேண்டும்.

யா அல்லாஹ்! பார்ப்பதற்கு நன்மையாகவும் உள்ளே தீமையாகவும் இருக்கும் பொருள்களிலிருந்தும் செயல்களிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! எங்கள் வியாபாரத்தில் உண்மையையும், எங்கள் வீடுகளில் சிக்கனத்தையும், எங்கள் நாவில் விசாரித்தபின் பேசும் பக்குவத்தையும் தருவாயாக! எங்கள் நீர்நிலைகளையும் உப்பளங்களையும், அங்கே உழைப்பவர்களையும், அங்கே வந்து தங்கும் உன் பறவைகளையும் பாதுகாப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.